மக்காச்சோளத்தில் படைப்புழு: கரிசல் காட்டில் முதல் 30 நாள் ஏன் முக்கியம்? எப்படிக் கண்காணிப்பது?

புரட்டாசி மழை மண்ணை நனைத்ததும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கம் விதைப்பு மும்முரமாகிவிடும். உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய், மல்லி என்று பல பயிர் இருந்தாலும், மானாவாரி கரிசலில் பெரிய இடத்தைப் பிடித்திருப்பது மக்காச்சோளம்தான். காரணம் எளிது. நூறு நாள் சுமாரில் அறுவடை, கோழித் தீவனத்துக்கு எப்போதும் தேவை, பருத்தி மாதிரி ஆள் வைத்துப் பல தடவை எடுக்க வேண்டியதில்லை. "விதைச்சு, ஒரு களை எடுத்து, உரம் வச்சா போதும்" என்ற பெயர் அந்தப் பயிருக்கு இருந்தது. பருத்திக்கு அடிக்கிற அளவுக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை என்பதும் பலர் இதற்கு மாறியதற்கு ஒரு காரணம்.

அந்தக் கணக்கு 2018-ல் மாறியது. அந்த ஆண்டு வந்த படைப்புழு இப்போது ஒவ்வொரு பட்டத்திலும் தலைகாட்டுகிறது. மருந்துக்கடைக்குப் போனால் பாட்டில் கிடைக்கும். ஆனால் அதை எந்த நாளில் அடிக்க வேண்டும் என்பதைக் கடை சொல்லாது, காட்டைத்தான் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது, எப்படி எண்ணுவது, எந்த எண்ணிக்கையில் மருந்து எடுப்பது என்று இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது?

இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். அறிவியல் பெயர் ஸ்போடாப்டெரா ஃபுருஜிபெர்டா. அங்கே நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த பூச்சி. 2016-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள பெரும்பாலான நாடுகளுக்குப் பரவிவிட்டது. எந்தக் கட்டுப்பாடும் செய்யாமல் விட்டால் 12 ஆப்பிரிக்க நாடுகளில் மட்டும் ஆண்டுக்கு 83 லட்சம் முதல் 2 கோடியே 6 லட்சம் டன் வரை மக்காச்சோளம் போகும் என்று 2017-ல் 'கேபி' என்ற சர்வதேச வேளாண் அமைப்பு மதிப்பிட்டது. அதாவது விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதிக்கும் மேல்.

இந்தியாவில் முதலில் தென்பட்டது 2018 மே மாதம், கர்நாடகாவின் சிவமோகாவில். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குள் தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர் தொடங்கி விருதுநகர், தூத்துக்குடி வரை மக்காச்சோளக் காடுகளில் குருத்தெல்லாம் கந்தலாகி நின்றது. இலங்கையிலும் அதே பருவத்தில் பரவியது. அங்கே இதற்குச் 'சேனா படைப்புழு' என்று பெயர்.

இவ்வளவு வேகம் எப்படி? இதன் அந்துப்பூச்சி இரவில் பறக்கும். காற்று சாதகமாக இருந்தால் ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை போகும். முட்டையிடும் முன் 500 கிலோமீட்டர் வரைகூடப் போகக்கூடியது. ஆகவே "போன வருஷம் என் காட்டுல இல்ல" என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

இதுதான் படைப்புழு என்று எப்படித் தெரியும்?

மக்காச்சோளத்தில் வேறு புழுக்களும் வரும். தண்டுத் துளைப்பான் பழைய ஆள். மிளகாயிலும் நிலக்கடலையிலும் வரும் புரோடீனியா புழு, பருத்தியில் காயைத் துளைக்கும் பச்சைப்புழு எல்லாம் அக்கம்பக்கத்துக் காட்டிலேயே இருக்கும். ஒன்றுக்கு வாங்கின மருந்தை இன்னொன்றுக்கு அடித்து ஏமாறாமல் இருக்க, புழுவைக் கையில் எடுத்து இரண்டு இடம் பார்த்தால் போதும்.

ஒன்று, முகம். தலையில் வெள்ளைக் கோட்டில் ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். இரண்டு, வால் பக்கம். கடைசிக்கு முந்தைய பெரிய கட்டத்தில் நான்கு கறுப்புப் புள்ளிகள் சதுரமாக, கேரம் போர்டின் நான்கு மூலைக் குழி மாதிரி, பளிச்சென்று தெரியும். இந்த இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். புழு சின்னதாக இருக்கும்போது இவை தெளிவாகத் தெரியாது. அப்போது செல்போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இலையும் கதை சொல்லும். குஞ்சுப்புழு இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். மேல்தோல் மெல்லிய காகிதம் மாதிரி மிஞ்சி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஜன்னல் வைத்ததுபோல் தெரியும். கொஞ்சம் வளர்ந்ததும் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டைகள். அப்புறம் குருத்துக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து வெளியே வரும் இலை கிழிசலாகத்தான் வரும். குருத்தைச் சுற்றி ஈரமான மரத்தூள் கொட்டினது மாதிரி எச்சம் கிடக்கும். அந்த எச்சம் காணும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் உள்ளே இருப்பது பெரிய புழு என்று அர்த்தம்.

முதல் 30 நாளில் என்ன நடக்கிறது?

ஒரு தாய் அந்துப்பூச்சி இலையில் கொத்தாக 100 முதல் 200 முட்டை வரை வைக்கும். அதன் மேல் தன் உடம்பு ரோமத்தையே போர்த்திவிடும். பார்த்தால் இலையில் பழுப்பு நிறப் பூஞ்சணம் படிந்த மாதிரி இருக்கும். ஆயுள் முழுக்கச் சேர்த்தால் ஒரு பூச்சி ஆயிரத்துக்கும் மேல் முட்டை வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரியும். பிறகு சுமார் இரண்டு முதல் மூன்று வாரம் புழுப் பருவம். அதற்குள் ஆறு தடவை வளர்ச்சி நிலை மாறும். முழுசாக வளர்ந்ததும் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். வெயில் காலத்தில் எட்டு ஒன்பது நாளில் மறுபடி அந்துப்பூச்சி. ஆக மொத்தம் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 30 நாள். நூறு நாள் பயிரில் மூன்று தலைமுறை வரக்கூடும்.

முக்கியமான விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு புழு வாழ்நாளில் தின்னும் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் கடைசி நிலையில், அதாவது கடைசிச் சில நாளில் தின்பது. அதுவரை சேதம் கண்ணுக்கே பெரிதாகப் படாது. "நேத்து நல்லா இருந்துச்சு, ராத்திரியோட ராத்திரியா தின்னுடுச்சு" என்று பலரும் சொல்வது இதனால்தான். ராத்திரியில் புதிதாக எதுவும் வந்திருக்காது, இரண்டு வாரமாக உள்ளேயே இருந்த புழு பெரிதாகியிருக்கும்.

பெரிய புழுவை மருந்தால் பிடிப்பதும் கஷ்டம். அது குருத்தின் அடியில் உட்கார்ந்து, தன் எச்சத்தாலேயே மேலே மூடி போட்டிருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த மருந்தானாலும் புழு மேல் பட வேண்டும், அல்லது அது தின்னும் இலையில் படிய வேண்டும். மூடிக்கு மேல் அடித்தால் மருந்து வழிந்து மண்ணுக்குப் போகும். இன்னொரு வேடிக்கை, இந்தப் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும். அதனால்தான் நூறு புழு பொரித்தாலும் கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். பொரித்த கையோடு நூலில் தொங்கிக் காற்றில் பறந்து பக்கத்துச் செடிகளுக்கும் போய்விடும்.

எனவே முளைத்ததிலிருந்து முதல் ஒரு மாதம்தான் விவசாயி கையில் பிடி இருக்கும் காலம். புழு சின்னது, வெளியே தெரிகிறது, செடியும் முழங்கால் உயரம்தான், உள்ளே நடக்கலாம்.

காட்டை எப்படிப் பார்ப்பது?

வரப்பில் நின்று பார்த்தால் எந்தக் காடும் பச்சையாகத்தான் தெரியும். வரப்பை ஒட்டிய நாலு செடியைப் பார்த்து முடிவெடுப்பதும் சரிவராது. வேளாண் விஞ்ஞானிகள் சொல்லும் வழி எளிதானது, செலவே இல்லாதது.

காட்டுக்குள் ஆங்கில 'டபிள்யூ' எழுத்து வடிவில் வளைந்து வளைந்து நடக்க வேண்டும். ஓரத்துச் சில வரிசைகளை விட்டுவிட்டு உள்ளே ஐந்து இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் தொடர்ச்சியாக 20 செடி. குருத்தையும் மேல் மூன்று நாலு இலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் மாதிரி சுரண்டல், குண்டூசி ஓட்டை, புது எச்சம், புழு, முட்டைக் கொத்து — இதில் ஏதாவது இருந்தால் அந்தச் செடி கணக்கில் சேரும். மொத்தம் 100 செடி பார்த்திருப்பதால் பாதித்த செடிகளின் எண்ணிக்கையே சதவீதம். கால்குலேட்டர் தேவையில்லை. ஒரு ஏக்கருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

எண்ணும்போது ஒரு தவறு சகஜமாக நடக்கும். பழைய கிழிசலையும் புதிய கிழிசலையும் சேர்த்து எண்ணுவது. பத்து நாளுக்கு முன் புழு தின்ற இலை இன்னும் கிழிசலாகத்தான் இருக்கும், புழு செத்திருக்கலாம், பறவை தின்றிருக்கலாம். குருத்திலிருந்து புதிதாக வரும் இலையில் சேதம் இருக்கிறதா, எச்சம் ஈரமாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பழைய ஓட்டையைப் பார்த்து மருந்து அடித்தால் காசும் போகும், நன்மை செய்யும் பூச்சியும் போகும்.

வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி நடப்பது நல்லது. காலை வெயில் ஏறும் முன் அல்லது மாலையில் போனால் புழு வெளியே இருக்கும், உச்சி வெயிலில் உள்ளே பதுங்கிவிடும். முட்டைக் கொத்தோ குஞ்சுக் கூட்டமோ கண்ணில் பட்டால் அந்த இலையை அப்போதே கிள்ளி நசுக்கிவிடலாம். ஒரு கொத்தை நசுக்கினால் 100 புழு போச்சு. எந்த மருந்திலும் இந்த விலைக்கு இந்தப் பலன் கிடைக்காது.

சரி, எண்ணிக்கை வந்துவிட்டது, அடுத்து? பயிர் இளசாக இருக்கும் முதல் மூன்று நாலு வாரத்தில் 100-க்கு 5 செடி பாதித்தாலே வேம்பு மருந்தை எடுக்கலாம். அதற்குப் பிறகு, ஏழு வாரம் வரை, 10 முதல் 20 செடி பாதித்திருந்தால்தான் வேதி மருந்து. மக்காச்சோளம் வளரும் பருவத்தில் இலைச் சேதத்தை ஓரளவு தாங்கி மீளும் பயிர் என்பதால்தான் இந்த இடைவெளி.

பொறி வைத்தால் போதாதா?

இனக்கவர்ச்சிப் பொறி நல்ல காவல்காரன். பெண் பூச்சியின் வாசனையை ஒத்த பொருள் தடவிய 'லூர்' உள்ளே இருக்கும். அதைத் தேடி ஆண் பூச்சி வந்து விழும். கண்காணிக்க ஏக்கருக்கு 5 பொறி. விதைத்த ஒரு வாரத்துக்குள், பயிர் முளைக்கும்போதே வைத்துவிட வேண்டும். பயிரின் நுனியைவிட ஓர் அடி மேலே தொங்க வேண்டும், பயிர் வளர வளர ஏற்றிக் கட்ட வேண்டும். ஒரு பொறியில் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு பூச்சி விழுந்தாலே முட்டையிடும் காலம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கித் தேட வேண்டும்.

வாங்கும்போது "படைப்புழு லூர்" என்று குறிப்பிட்டுக் கேட்பது அவசியம். ஒவ்வொரு பூச்சிக்கும் வாசனை வேறு. மிளகாய்க்கு வாங்கின புரோடீனியா லூரை மாட்டிவிட்டு, "பூச்சியே விழல, காடு சுத்தமா இருக்கு" என்று நம்பினால் அது பொறியின் தப்பு ஆகாது. லூரை வெறும் கையால் தொடாமல் மாட்டுவது நல்லது. மாதம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், பாக்கெட்டில் போட்டிருக்கும் கால அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பொறியில் விழுவது ஆண் பூச்சி மட்டும். முட்டையிடும் பெண் வெளியேதான் இருக்கும். அதனால் பொறி எப்போது தேட வேண்டும் என்று சொல்லும், எவ்வளவு சேதம் என்று சொல்லாது. 100 செடி எண்ணும் வேலையை அது குறைக்காது.

கரிசலுக்கு மட்டும் உள்ள சிக்கல்

இந்த யோசனைகளை ஆற்றுப் பாசன நிலத்தில் செய்வது ஒன்று, கோவில்பட்டி கரிசலில் செய்வது வேறு. இங்கே மழை பெய்தால் இரண்டு மூன்று நாளுக்குக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. மண் செருப்போடு அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் எடை கூடும். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பது அப்புறம். மழை விட்டுக் காய்ந்தால் காட்டுக்குள் போகலாம், ஆனால் தெளிக்கத் தண்ணீர் வேண்டும். கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் கணக்கு. கிணறு இல்லாத மானாவாரிக் காட்டில் அந்தத் தண்ணீரை ஊருணியிலிருந்தோ டிராக்டர் டேங்கரிலோ கொண்டு வர வேண்டும். மருந்து விலை, ஆள் கூலி இரண்டோடு தண்ணீர்ச் செலவும் சேர்கிறது.

மழைக்கும் புழுவுக்கும் உள்ள தொடர்பும் கவனிக்க வேண்டியது. பலத்த மழை குருத்தில் தேங்கினால் குஞ்சுப்புழு நிறையச் செத்துப்போகும். மழை தள்ளிப்போய் வெயிலடிக்கும் இடைவெளியில்தான் புழு பெருகும். அதே இடைவெளியில் பயிரும் வாடும். வாடிய பயிரால் புது இலை விட்டு மீள முடியாது, சேதம் இரட்டிப்பாகத் தெரியும். எனவே மழை விட்டு மண் காலைத் தாங்கும் முதல் நாளிலேயே போய் எண்ணிவிடுவது இங்கே பொருந்தும் பழக்கம்.

இன்னொன்று விதைப்புத் தேதி. மழை ஒரு ஊரில் பெய்து அடுத்த ஊரில் பெய்யாமல் போவது இந்தப் பக்கம் சாதாரணம். ஆளுக்கு ஒரு தேதியில் விதைத்தால், முன்னால் விதைத்த காட்டில் வளர்ந்த பூச்சி பின்னால் விதைத்த இளம் பயிருக்கு வரும். பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் விதைப்பது, மழை இடம் கொடுக்கும் அளவுக்காவது, செய்ய வேண்டியது. காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க ஊரே சேர்ந்து முறை போடுகிறது, புழுவுக்கும் அதே ஒற்றுமை உதவும்.

விதைக்கும் முன்பே செய்ய வேண்டியவை

கூட்டுப்புழு மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடக்கும். கோடை உழவு போட்டால் மேலே வந்து வெயிலிலும் கொக்கு, மைனா, நாரை வாயிலும் போகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். விதை நேர்த்தியும் உண்டு. இப்போது கடையில் விற்கும் வீரிய ரக விதைகள் பலவும் மருந்து தடவியே வருகின்றன, அதனால் பையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம். விதை நேர்த்தி செய்த பயிருக்கு முதல் இரண்டு மூன்று வாரம் ஓரளவு பாதுகாப்பு.

நெருக்கி விதைக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மானாவாரிக்கு வரிசைக்கு வரிசை 45, செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர். பத்து வரிசைக்கு ஒருமுறை 75 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் பிறகு மருந்து அடிக்க ஆள் நுழைய வழி இருக்கும். இந்த ஒரு சந்தின் அருமை 50-ஆவது நாளில்தான் தெரியும்.

வரப்போரம் மூன்று வரிசை தட்டப்பயறு, எள், துவரை அல்லது சூரியகாந்தி, ஊடுபயிராக உளுந்து. இது பல்கலைக்கழகப் பரிந்துரை. கரிசல்காரர்களுக்கு இது புதிய பாடமும் இல்லை, தானியத்தோடு பயறு கலந்து விதைப்பது இந்த மண்ணின் பழைய வழக்கம். மக்காச்சோளம் மட்டும் ஒரே சீராக விதைக்கத் தொடங்கிய பிறகுதான் அது விட்டுப்போனது. பயறுப் பூக்களைத் தேடி வரும் குளவிகளும் பொறிவண்டுகளும் படைப்புழுவின் முட்டையையும் குஞ்சையும் தாக்கும். டெலினோமஸ், டிரைக்கோகிரம்மா என்ற கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டிக் குளவிகள் படைப்புழு முட்டைக்குள் தம் முட்டையை வைத்து அழித்துவிடும். ஏக்கருக்குப் பத்து இடத்தில் 'டி' வடிவில் குச்சி நட்டால் கரிச்சான் குருவி வந்து உட்காரும், புழு பொறுக்கும். பயிர் உயர்ந்த பிறகு குச்சிக்குப் பலன் குறைவு.

எப்போது, எந்த மருந்து?

முதல் கட்டம், முளைத்த 15 முதல் 20 நாள். 5 சதவீதப் பாதிப்பு தெரிந்தால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிப்பது. கடையில் வாங்குவதானால் அசாடிராக்டின் 1500 பிபிஎம், லிட்டருக்கு 5 மில்லி. இது குஞ்சுப்புழுவுக்குத்தான் வேலை செய்யும். பெரிய புழு இருக்கும் காட்டில் அடித்துவிட்டு "வேம்பு வேலை செய்யல" என்றால் குறை தேதியில். கொஞ்சமான காட்டில் மணலும் சுண்ணாம்பும் ஒன்பதுக்கு ஒன்று கலந்து குருத்துக்குள் ஒரு சிட்டிகை போடும் வழியும் பரிந்துரையில் உண்டு. தண்ணீர் இல்லாத மானாவாரியில் இதை யோசிக்கலாம்.

இரண்டாம் கட்டம், 40 முதல் 45 நாள். மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணம் இந்தக் காலத்துக்குப் பொருந்தும். மழைக்கால ஈரத்தில் நன்றாக வேலை செய்யும், மனிதருக்கும் கால்நடைக்கும் பயமில்லை. காட்டில் சில புழுக்கள் இலையில் ஒட்டியபடி விறைத்து, மேலே வெள்ளையோ பச்சையோ மாவு பூத்துச் செத்துக் கிடந்தால், இந்த வகைப் பூஞ்சாணம் தானாகவே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது அவசரப்பட்டு வேறு மருந்து அடிக்க வேண்டாம்.

பாதிப்பு 10 முதல் 20 சதவீதத்தைத் தாண்டினால் வேதி மருந்து. எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி லிட்டருக்கு 0.4 கிராம், குளோராண்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்சி லிட்டருக்கு 0.4 மில்லி, ஸ்பினெட்டோரம் 11.7 எஸ்சி லிட்டருக்கு 0.5 மில்லி ஆகியவை பரிந்துரையில் உள்ளவை. இதில் ஏதாவது ஒன்று, மூன்றும் அல்ல. இரண்டாவது தடவை தேவைப்பட்டால் வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தாங்கிப் பிழைக்கும் புழுக்களே அடுத்த தலைமுறையைப் பெற்றெடுக்கும். அமெரிக்காவில் இந்தப் புழு பல மருந்துகளுக்கு எதிர்ப்பு சக்தி வளர்த்துக்கொண்டது இப்படித்தான். ஒரு பயிருக்கு இரண்டு வேதித் தெளிப்புக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

எப்படி அடிப்பது என்பதில்தான் பாதி வெற்றி. மேலோட்டமாக விசிறாமல், ஒவ்வொரு செடியின் குருத்துக்கும் நேராக நாசிலைக் காட்டி அடிக்க வேண்டும். நேரம் காலை அல்லது மாலை. கொண்டை வந்து கதிர் பிடித்த பிறகு வேதி மருந்து அடிப்பதால் பலன் குறைவு. அந்தத் தட்டையை மாடு தின்னப் போகிறது என்பதையும் நினைக்க வேண்டும். அப்போது கதிரில் தெரியும் புழுவைக் கையால் பொறுக்குவதுதான் வழி.

தவிடும் வெல்லமும் புளிக்க வைத்து மருந்து கலந்து குருத்தில் போடும் நச்சுத் தீனியும் பரிந்துரையில் இருக்கிறது. ஆனால் ஆட்டுக்கிடை போடும் ஊர்களில் இதில் பெரிய ஆபத்து உண்டு. வெல்ல வாசனைக்கு ஆடு, கோழி, மயில் எல்லாம் வரும். அடைத்து வைக்க முடியாத இடத்தில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

தெளிப்பவரின் உயிர்

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் விஷம் ஏறி இறந்தார்கள். அந்த ஆண்டு பருத்தி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது. ஆள் மட்டத்துக்கு மேல் அடித்த மருந்து முகத்திலும் மூச்சிலும் இறங்கியது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. மக்காச்சோளம் 50 நாளில் தலைக்கு மேல் வளரும் பயிர். தாமதமாக மருந்து அடிக்கிறவர் அந்தக் காட்டுக்குள்தான் நுழைகிறார். முழங்கால் உயரத்தில் முடிக்க வேண்டிய வேலையைத் தலை உயரத்துக்குத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கு இது இன்னொரு காரணம்.

முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு அடிப்பது இன்னும் பல ஊர்களில் பார்க்கிற காட்சி. காற்றுக்கு எதிரே அடிக்கக் கூடாது, அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது, இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கலக்கக் கூடாது. அடிக்கும்போது தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், அதிக வியர்வை வந்தால் வேலையை நிறுத்தி, மருந்து பட்ட துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மருந்து பாட்டிலின் லேபிளையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டரால் சரியான சிகிச்சை தொடங்க முடியும்.

நஷ்டம் வந்தால்?

2018-19 பாதிப்புக்குத் தமிழ்நாடு அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 7,410 ரூபாய், இறவைக்கு 13,500 ரூபாய். மானாவாரித் தொகையை ஏக்கருக்கு மாற்றினால் 3,000 ரூபாய். அது அந்த ஆண்டுக்கான தனி முடிவு, ஒவ்வொரு வருடமும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பயிர்க் காப்பீடு வேறு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ தானியங்களுக்கு விவசாயியின் பங்கு, காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். பூச்சித் தாக்குதலும் இதில் அடங்கும். ஆனால் ஒரு தனி ஆளின் காட்டில் மட்டும் புழு விழுந்தால் பணம் வராது. அந்தப் பகுதியின் சராசரி விளைச்சல் குறைந்ததா என்று பயிர் அறுவடைப் பரிசோதனை செய்துதான் முடிவு செய்வார்கள். கடைசித் தேதி தாண்டினால் சேர முடியாது என்பதால், விதைத்த கையோடு பொது சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்டுவிடுவது நல்லது.

யாரிடம் கேட்பது?

கோவில்பட்டியிலேயே 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இது, மானாவாரிக் கரிசல் பயிர்களுக்கென்றே ஆய்வு செய்யும் இடம். தூத்துக்குடி அருகே வாகைக்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எந்த மருந்துக்கு இப்போது மானியம் இருக்கிறது, இருப்பு இருக்கிறதா என்று கேட்கலாம். செல்போனில் தமிழ்நாடு அரசின் 'உழவன்' செயலி இருக்கிறது. கிசான் கால் சென்டரின் இலவச எண் 1800 180 1551, தமிழிலேயே பேசலாம்.

கேட்கப் போகும்போது புழுவின் தலை, வால் பக்கம் தெரியும் இரண்டு படம், விதைத்த தேதி, 100 செடியில் எத்தனை பாதித்தது என்ற எண், கடைசியாக அடித்த மருந்தின் பெயர் நான்கையும் கையில் வைத்திருந்தால் பதிலும் அந்தக் காட்டுக்கே உரியதாகக் கிடைக்கும்.